கதிரவன் தொட்ட நெற்றிகள்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நாம் நிறைவேற்றிய முதல் திருநீற்றுப் புதன் வழிபாடு 2012-ஆம் ஆண்டில் வந்தது. அங்கே பிப்ரவரி மாதம் கோடையின் கடைசிப் பகுதி. கரும்பு விளையும் அச்சிற்றூரின் மரத்தாலான கோயிலுக்கு அன்று காலை வந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். ஒருவர் பின் ஒருவராக வந்து தலை தாழ்த்தினார்கள். நாமும் பெருவிரலைச் சாம்பலில் தோய்த்து நெற்றிகளில் சிலுவை இட்டுக்கொண்டே போனோம். பத்துப் பேரைக் கடந்த பிறகு விரல் எதையோ உணரத் தொடங்கியது. கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. விரலுக்கோ உப்புத்தாளைத் தொட்டாற்போல் இருந்தது. ஒருவருக்கு அன்று, அடுத்தவருக்கும், அதற்கடுத்தவருக்கும், தூணோரம் நின்ற மூதாட்டிக்கும் அதே சொரசொரப்பு. நம் நாட்டில் பதினைந்து ஆண்டுகள் சாம்பல் பூசிய விரல் அது. இப்படி ஒரு நெற்றியை அது அறிந்ததில்லை.

அன்றிலிருந்து நாம் முகங்களை உற்றுப் பார்க்கலானோம். ஞாயிறுதோறும் யாராவது ஒருவர் மூக்கின் மேல் சிறு பிளாஸ்திரியோடு வருவார். ஒருவருக்குக் காதின் மேல்விளிம்பில் ஒரு துண்டே இல்லை. வழுக்கைத் தலையில் ஒட்டுப் போட்ட துணிபோல் வேறு நிறத் தோல் உடையவர் ஒருவர். கரும்பாலை ஊராயிற்றே, இயந்திரங்களில் அடிபட்டிருப்பார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டோம். ஒருநாள் திருப்பலி முடிந்து தேநீர் அருந்தும் வேளையில், வாசகங்களை வாசிக்கும் பெரியவர் ஒருவரிடம், "விழுந்துவிட்டீர்களா?" என்று அவர் கன்னத்துக் கட்டைக் காட்டிக் கேட்டோம். அவர் உரக்கச் சிரித்தார்.

"சன்ஸ்பாட், ஃபாதர். இன்னொன்றை வெட்டியும் எடுத்தார்கள். இங்கே பிறந்து வளர்ந்தவனுக்கு இது இல்லையென்றால்தான் நாங்கள் ஆச்சரியப்படுவோம்."

மனைவியை இழந்த அவருக்குக் கண்பார்வையும் மங்கியிருந்தது. எனவே தோல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் பொறுப்பு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நம்மிடம் வந்து சேர்ந்தது. ஒரு மணிநேரப் பயணம். அந்த மருத்துவமனைக் கூடத்தில் காத்திருந்த பொழுதுகள் நமக்கு ஒரு பாடசாலை ஆயின.

தோல் மருத்துவர் என்றால் படை, சொறி, தேமல், முகப்பரு இவற்றைப் பார்ப்பவர் என்பதே நாம் வளர்ந்த ஊரின் எண்ணம். அந்தக் கூடத்தில் காத்திருந்தவர்களோ ஏறத்தாழ எல்லாரும் வெயிலின் பொருட்டு வந்தவர்கள். உழவர், கட்டடத் தொழிலாளர், ஓய்வுபெற்ற ஆசிரியை, படகோட்டி, கடற்கரையில் இளமையைக் கழித்த வங்கி மேலாளர். "காலையிலிருந்து வந்தவர்களில் கதிரவனால் அல்லாமல் வேறு காரணத்துக்காக வந்தவர் யார் என்று நான் தேடித்தான் சொல்ல வேண்டும்" என்றார் அந்த மருத்துவ அம்மையார். அவர் மிகைப்படுத்தவில்லை. ஆஸ்திரேலியர்களில் மூவரில் இருவர் தம் எழுபது வயதுக்குள் ஏதேனும் ஒரு தோல் புற்றை அடைகிறார்கள் என்பது அந்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கணக்கு. புற்றாக மாறக்கூடிய முன்நிலைத் தடிப்புகளோ இன்னும் பரவலானவை. நாற்பது வயதைக் கடந்த வெள்ளைத் தோலினரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அவை உண்டு. நம் விரலுக்குத் தட்டுப்பட்டவை அவையே. மருத்துவ நூல்களில் அவற்றுக்கு 'ஆக்டினிக் கெரட்டோசிஸ்' என்று பெயர். "பார்த்துக் கண்டுபிடிப்பதைவிடத் தடவிக் கண்டுபிடிப்பது எளிது, உங்கள் விரல் பொய் சொல்லவில்லை" என்று அவர் கூறியபோது, நமக்குச் சற்றே பெருமையாகவும் இருந்தது.

இத்தனை பேருக்கு வருகிறதே, இது பெருங்கொள்ளை நோய் அல்லவா என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் விந்தை. இவற்றுள் மிகப் பெரும்பான்மையானவை உயிரைக் குடிப்பதில்லை. அடிச்செல் புற்று என்பது எல்லாவற்றிலும் மலிவானது. முத்துப்போல் மினுமினுக்கும் சிறு முடிச்சாகத் தோன்றி, மெல்ல மெல்ல அவ்விடத்தையே அரிக்கும். வேறிடம் பரவுவது அரிதினும் அரிது. செதிள்செல் புற்று அடுத்தது. இது சில வேளைகளில் நிணநீர்க் கட்டிகளுக்குப் பரவும், உதட்டிலும் காதிலும் வந்தால் கூடுதலாக அஞ்ச வேண்டும். மூன்றாவதான மெலனோமா எண்ணிக்கையில் குறைவு, கொடுமையில் முதன்மை. முதல் இரண்டும் அவ்வளவு மலிந்து கிடப்பதால், அந்நாட்டின் புற்றுநோய்ப் பதிவேடுகள் பெரும்பாலும் அவற்றை எண்ணுவதே இல்லை. அரசுக் காப்பீடு ஆண்டுதோறும் பணம் கொடுக்கும் ஏறத்தாழப் பத்து இலட்சம் சிகிச்சைகளைக் கொண்டுதான் அவற்றின் அளவை ஊகிக்கிறார்கள். புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் குடும்பமே கதறும் ஊரிலிருந்து போன நமக்கு, பல் பிடுங்கியதைச் சொல்வதுபோல் "இந்த ஆண்டு மூன்று எடுத்தார்கள்" என்று சொல்லும் மனிதர்கள் புதிராகவே இருந்தார்கள்.

முன்நிலைத் தடிப்பு ஒவ்வொன்றும் புற்றாவதில்லை. அவற்றில் சிறு பங்கே அவ்வாறு மாறும்; சில தாமாகவே மறைந்தும் போகும். எது மறையும், எது மாறும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது என்பதுதான் இடர். ஆகவே மருத்துவர் ஒரு குப்பியிலிருந்து திரவ நைட்ரஜனை ஒவ்வொன்றின் மேலும் சில நொடிகள் பீய்ச்சுவார். வெப்பமானியின் சுழியத்துக்குக் கீழே 196 பாகை குளிர்ச்சி உடையது அது. வெண்புகை எழும், தோல் வெண்பனியாக உறையும், பெரியவர் பல்லைக் கடித்துக்கொள்வார். பின்னர் அது கொப்பளித்து உதிரும். தடிப்புகள் எண்ண முடியாமல் பெருகியபோது, புற்றுநோய் மருந்தான ஃபுளோரோயுராசில் கலந்த களிம்பை முகம் முழுதும் சில வாரம் பூசச் சொன்னார்கள். அதன் வேலையே கெட்டுப்போன செல்களைத் தேடிப் புண்ணாக்குவதுதான். தெளிவாக இருப்பதாகத் தோன்றிய கன்னத்தில்கூட, மறைந்திருந்த கேடெல்லாம் செக்கச்செவேலென்று வெளியே வந்துவிட்டது. வெந்த முகத்தோடு அப்பெரியவர் ஞாயிறன்று வாசக மேடையில் நின்று எசாயாவை வாசித்தார். ஒரு குழந்தை அழுதது. வேறு எவரும் தலை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அவரவர் வீட்டிலும் அந்தக் களிம்பு இருந்தது.

இதன் காரணத்தைச் சொல்ல அதிகம் இல்லை. அயர்லாந்து, ஸ்காட்லாந்து, இங்கிலாந்து எனும் மேகம் மூடிய தீவுகளுக்கென அமைந்த தோல், ஓரிரு நூற்றாண்டுகளுக்கு முன் கப்பலேறி இந்தக் கடும் ஒளியின் கீழ் வந்து குடியேறியது. கதிரவனின் புறஊதாக் கதிர் தோல் செல்லின் மரபுப் பொருளைச் சிதைக்கிறது; செல் அதைப் பழுது பார்க்கிறது; சில பழுதுகள் தப்பிவிடுகின்றன. சிறுவயதில் பட்ட வெயிலின் கணக்கு ஐம்பது வயதில் கேட்கப்படுகிறது. இதை மருத்துவர்கள் நெடுநாள் முன்பே ஐயுற்றார்கள். 1894-ஆம் ஆண்டில் ஹாம்பர்க் நகரத் தோல் மருத்துவர் உன்னா, துறைமுகக் கப்பலோட்டிகளின் முகத்திலும் கையிலும் காணும் தடிப்பையும் புற்றையும் விவரித்தார். இரண்டாண்டு கழித்து பிரான்சின் போர்தோ நகரில் துய்ப்ரேய் என்பவர், திராட்சைத் தோட்டத் தொழிலாளர்களிடம் அதையே கண்டார். கடலும் தோட்டமும் வேறு. தலைக்கு மேல் இருந்தது ஒன்றே.

நமக்கு மிகப் பிடித்த கதை, குயின்ஸ்லாந்தின் நாம்பூர் என்னும் சிறுநகரத்தில் நடந்தது. 1992-ஆம் ஆண்டு ஏடல் கிரீன் என்னும் ஆய்வாளரும் அவர் குழுவினரும் அவ்வூரார் 1,621 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் தலை, கழுத்து, கைகளில் வெயில் தடுப்புக் களிம்பை நாள்தோறும் பூச வேண்டும்; மற்றவர் தம் வழக்கப்படி இருக்கலாம். நாலரை ஆண்டு முடிவில் நாள்தோறும் பூசியவர்களிடம் செதிள்செல் புற்றுகள் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது குறைந்திருந்தன. அடிச்செல் புற்றில் வேறுபாடு தென்படவில்லை. ஆய்வு முடிந்த பின்னும் அவர்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து, மெலனோமாவும் பாதியளவு குறைந்ததை 2011-இல் வெளியிட்டார்கள். கரும்பு வெட்டியவரும் கடை வைத்தவரும் காலையில் பல் துலக்குவதுபோல் களிம்பு பூசி, உலகுக்கே ஓர் உண்மையைத் தந்துவிட்டார்கள்.

அந்நாட்டார் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சட்டையைப் போடு, களிம்பைப் பூசு, தொப்பியை வை என்று 'சிட்' என்னும் ஒரு கடற்புறாவை 1981 முதல் தொலைக்காட்சியில் ஆட விட்டார்கள். பள்ளிகளில் தொப்பி இல்லையேல் விளையாட்டில்லை என்பது சட்டம். நம் பங்குப் பள்ளியில் தொப்பி மறந்த சிறுவர்கள் நிழலில் உட்கார்ந்து ஏக்கத்தோடு பந்தைப் பார்ப்பார்கள். அவர்களோடு நாமும் உட்கார்ந்து கதை சொன்னதுண்டு. தோலைப் பழுப்பாக்கிக்கொள்ள விளக்குப் பெட்டிக்குள் பணம் கொடுத்துப் படுக்கும் நிலையங்களை 2015, 2016 ஆண்டுகளில் மூடியேவிட்டார்கள். வெள்ளையர் கருக்கப் பணம் கொடுத்தார்கள். நம்மவர் வெளுக்கக் களிம்பு வாங்குகிறோம். படைத்தவர் இருவரையும் பார்த்து என்ன நினைப்பாரோ!

ஒருமுறை அந்த மருத்துவ அம்மையார் நம்மையும் சோதிக்க விரும்பினார். முகத்தைக் காட்டினோம். "முகம் வேண்டாம், ஃபாதர், காலணியைக் கழற்றுங்கள்" என்றார். கருந்தோல் உடையோர்க்கு மெலனோமா வருவது மிகக் குறைவு என்றும், வந்தால் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வரும், அதற்கும் வெயிலுக்கும் தொடர்பில்லை என்றும் விளக்கினார். துளையிட்ட காலுறையோடு நாம் அமர்ந்திருந்த கோலம் இன்றும் வெட்கம் தருகிறது. ஆனால் அவர் உருப்பெருக்கியோடு குனிந்து நம் பாதங்களை விரல்விரலாகப் பார்த்தபோது நமக்கு நினைவில் வந்தது லேவியர் நூலின் 13-ஆம் அதிகாரம். தோலில் தோன்றும் தடிப்பையும் வெண்புள்ளியையும் குரு பார்க்க வேண்டும். அது தோலைவிட ஆழமாகத் தெரிகிறதா, மேலுள்ள மயிரின் நிறம் மாறியதா என்று நோக்க வேண்டும். ஐயம் இருந்தால் ஏழு நாள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். குருமடத்தில் நாம் அந்த அதிகாரத்தைத் தாண்டிக் குதித்து ஓடியிருக்கிறோம். பேராசிரியரும் ஓட விட்டார். குருவின் வேலை தோலைப் பார்ப்பதா என்று அன்று நகைத்தோம்.

அந்த நகைப்பு நம் நெஞ்சில் முள்ளாகத் திரும்பிய வரலாற்றை இனிச் சொல்லியாக வேண்டும்.

குயின்ஸ்லாந்து செல்வதற்கு முன், தூத்துக்குடிப் பக்கம் உப்பளங்கள் சூழ்ந்த ஒரு பங்கில் 2003 முதல் 2008 வரை பணியாற்றினோம். அங்கே ஓர் உப்பளத் தொழிலாளியின் மகன் பிறவியிலேயே வெண்மேனியன். தலைமயிர், புருவம், இமை எல்லாம் வைக்கோல் நிறம். கண்மணிகள் ஓயாமல் அசையும். வெயிலில் அவற்றைத் திறக்கவே அவனால் ஆகாது. பள்ளியில் கரும்பலகை தெரியாமல் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். ஊரார் அவனைத் 'துரை' என்பார்கள். நாமும் அப்படியே அழைத்தோம். திருவிழாப் பவனியில் நண்பகல் வெயிலில் சிலுவையை ஏந்தி முன்னே செல்வான். நிறத்தால் வானதூதர்போல் இருக்கிறான் என்று அவனை அப்பணிக்குத் தேர்ந்தவர் நாமே. பவனி முடிந்த இரவில் அவன் தாய் தேங்காய் எண்ணெய் பூசி விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை ஒருமுறை பார்த்தோம். "தோலு பொசுங்கிப்போச்சு சாமி, ரெண்டு நாள்ல உரிஞ்சிரும்" என்றார் அவர். நாம் ஆசி கூறிவிட்டு வந்துவிட்டோம்.

அவனுக்குப் பதினேழு வயதானபோது தாய் கோயில் வீட்டுக்கு வந்தார். "இவனுக்கு ஒரு வேலை பாத்துக் குடுங்க சாமி. படிப்புந்தான் ஏறல. சும்மா இருந்தா ஊரு கேலி பண்ணுது" என்று அழுதார். நாம் கங்காணியை அழைத்துப் பேசினோம். மறுவாரமே அவன் உப்பளத்தில் இறங்கினான். அன்று நாம் ஒரு நல்ல காரியம் செய்தோம் என்ற நிறைவோடு உறங்கினோம். உப்பளத்தை அறிந்தவர்க்கு மேலும் சொல்ல வேண்டியதில்லை. நிழல் என்பது அங்கே கிடையாது. மேலிருந்து ஒரு வெயில். பாத்தியில் விளைந்த வெள்ளை உப்பிலிருந்து எதிரொளித்துத் தாடைக்கும் மூக்குக்கும் கீழிருந்து அடிப்பது இன்னொரு வெயில். கருமையான நம்மவர்க்கே அது தாங்காது. தோலில் நிறமியே இல்லாத ஒரு பிள்ளையை அதற்குள் அனுப்பி வைத்தோம்.

பெரியவரோடு மருத்துவக் கூடத்தில் மூன்றாம் முறையோ நான்காம் முறையோ உட்கார்ந்திருந்தபோதுதான் அது நம்மைத் தாக்கியது. எதிரே சுவரில் ஒரு படம்: சிவந்து செதில் உதிரும் கன்னம், ஆறாத புண்ணோடு காதுமடல். அந்தக் காதை நாம் முன்பே பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது. எங்கே என்று நினைவு வந்தபோது கை நடுங்கிற்று. மருத்துவரிடம் அன்றே கேட்டோம். நிறமி அற்றவர்களுக்கு இந்நோய் இருபது, முப்பது வயதிலேயே வரும் என்றும், வெப்ப நாடுகளில் அவர்களை மாய்ப்பது இதுவே என்றும், வருமுன் காப்பது கடினமன்று என்றும் சொன்னார். குயின்ஸ்லாந்தின் குழந்தைக்கு ஒரு நாடே தொப்பி வைக்கிறது. நம் துரைக்குத் தொப்பி வைக்க யாரும் இல்லை. தொப்பியைக் கழற்றி வெயிலில் நிறுத்த நாம் இருந்தோம்.

தொலைபேசியில் அப்போதைய பங்குத்தந்தையைத் தொடர்பு கொண்டு அவனை உப்பளத்திலிருந்து நிறுத்தச் சொன்னோம். 2014-இல் விடுமுறையில் ஊர் வந்தபோது நேரே அவன் வீட்டுக்குச் சென்றோம். இருபத்தைந்து வயது இளைஞன் ஐம்பதைக் கடந்தவன்போல் இருந்தான். முகமும் புறங்கையும் அந்தப் பெரியவரின் முகமும் கையுமேதான்! இடக்காதின் மேல்விளிம்பில் ஓராண்டாக ஆறாத புண். மருந்துக் கடையில் கேட்டு ஏதேதோ களிம்பு தடவியிருக்கிறார்கள். நாம் அனுமதி கேட்டு அவன் நெற்றியைத் தடவினோம். அதே உப்புத்தாள்.

அரசு மருத்துவமனையில் சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்து, செதிள்செல் புற்று என்றார்கள். கழுத்துக்குப் பரவவில்லை. காதின் பாதியை எடுத்தார்கள். அறுவை முடிந்து கண் விழித்தவன், "துரைக்கு இனி கண்ணாடி மாட்ட முடியாதே சாமி" என்று சிரித்தான். அவன் தாய் சிரிக்கவில்லை. வராந்தாவில் நம் அருகே வந்து நின்று, "அப்பவே யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்று தொடங்கி, முடிக்காமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் நம்மைக் குறித்துச் சொல்லவில்லை. கங்காணியிடம் பேசியது யார் என்பது அவருக்கும் நினைவிருந்தது, நமக்கும் நினைவிருந்தது. மன்னிப்புக் கேட்டோம். "நீங்க என்ன சாமி செய்வீங்க, நானுல்லா கேட்டேன்" என்றார். அந்தப் பதில் குற்றச்சாட்டைவிடக் கனமாக இருந்தது.

குயின்ஸ்லாந்துப் பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. அடுத்த ஞாயிறு தம்முடைய அகன்ற விளிம்புத் தொப்பிகள் இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். 2016-இல் அவர் கீழுதட்டில் தோன்றிய புற்று கழுத்துக் கட்டிகளுக்குப் பரவியது. மிகப் பெரும்பான்மை உயிரைக் குடிப்பதில்லை என்று எழுதினோமே, மீதிச் சிறுபான்மையில் அவர் ஒருவரானார். நோயில்பூசுதலுக்காக நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் இட்டோம். நெற்றி சொரசொரப்பாகவும், எழுபது ஆண்டு அரிவாள் பிடித்த உள்ளங்கை அதைவிட மென்மையாகவும் இருந்தது.

துரைக்கு இப்போது முப்பத்தாறு வயது. பார்வைக் குறைபாட்டுச் சான்றிதழ் வாங்கி, உப்புப் பொட்டலம் கட்டும் கொட்டகைக்குள் வேலை செய்கிறான். பொழுது சாய்ந்த பிறகே வெளியே வருகிறான். முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போட்ட அவனைப் பார்த்து ஊர்ப் பிள்ளைகள் சிரிப்பது நின்றபாடில்லை. வெயில் தடுப்புக் களிம்பு மருந்துக் கடையில் அழகுப் பொருள்களோடு அடுக்கப்பட்டிருக்கிறது, விலையும் அதற்கேற்பவே. ஒரு குழாய் அவனுடைய பல நாள் கூலி. நண்பர்கள் சிலர் மாதம் ஒன்றை வாங்கித் தருகிறார்கள். அது தீர்ந்துபோகும் மாதங்களும் உண்டு.

நாம் இப்போது வேறொரு பங்கில் இருக்கிறோம். ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவனை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது நம் நாட்குறிப்பில் இருக்கிறது. சென்ற முறை நெற்றியில் இரண்டு இடங்களை உறைய வைத்தார்கள். வெண்புகை எழுந்தபோது அவன் நம் கையைப் பிடித்துக்கொண்டான். திரும்பும்போது பேருந்தில் சன்னல் ஓரம் நாம் உட்கார்ந்தோம். அவனை உள்பக்கம் உட்கார வைத்து, திரைச்சீலை இல்லாத அந்தச் சன்னலில் நம் துண்டைக் கட்டினோம். நடத்துநர் வந்து, "காத்து வரலைன்னு பின்னாடி சத்தம் போடுறாங்க, அவுத்துருங்க சாமி" என்றார். காரணத்தைச் சொன்னோம். அவர் துரையைப் பார்த்தார், காதைப் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி, காற்று வேண்டியவர்கள் முன்பக்கம் வரலாம் என்று கூவிவிட்டு, அவிழ்ந்திருந்த துண்டின் ஒரு முனையைத் தாமே இழுத்துக் கட்டினார்.